ஹைடெல்பேர்க்கில் 12 கிழமைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஒன்றுகூடலில் பேசும்படி கேட்டபோது செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு "வைத்தியத் துறையில் எமது மாணவிகள்" என்பது. அதைப் பேசுவதற்கு என்னிலும் மூத்த, என்னிலும் தகுதியுள்ள பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அதே கிழமையில் எங்கள் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒரு தங்கச்சி எனக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருந்தார். அவருக்கு வரும் கோடைகாலத்தில் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பட்டியலில் 14 கேள்விகள். ஒன்றுகூட ஆராய்ச்சியைப் பற்றியது அல்ல. என்ன சாப்பிட்டீங்கள், ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்தனீங்கள், பேராசிரியரை எப்படிக் கூப்பிடுறது, இரவிலை தனிய வரலாமோ, காசு காணுமோ, அழுதனீங்களோ.

எனக்கு இந்தப் பட்டியல் பிடித்துவிட்டது. செயலாளரிடம் அனுமதி வாங்கித் தலைப்பை மாற்றிவிட்டேன். 14 கேள்விகளுக்கும் மறுமொழி சொல்ல நேரமில்லை. இயன்றதைச் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டு நான் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஏ9 வீதி 2002இல் திறந்து மூன்று வருடமாகியிருந்தது. இணையம் என்பது ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கக்கூடிய வேகத்தில் இருந்த காலம். அந்த வேகத்தில் 26 ஆய்வுகூடங்களுக்கு எழுதினேன். மூன்று பதில்கள் வந்தன. இரண்டு, இடமில்லை என்று மரியாதையாகச் சொன்னவை. மூன்றாவது ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் புற்றுநோய் உயிரியல் ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து. 12 கிழமைகள் வரலாம், மாணவர் விடுதியில் அறை எடுத்துத் தருவோம், மாதம் ஒரு சிறு தொகை தருவோம், பயணச்சீட்டு உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள்.

பயணச்சீட்டை அம்மாவின் காப்பு ஒரு சோடி பார்த்துக்கொண்டது. வீசா அவ்வளவு இலேசில் முடியவில்லை. ஆய்வுகூடம் தரும் தொகை போதாது, ஜேர்மனியில் வசிக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அது வெறும் கடிதம் அல்ல. கையெழுத்திடுபவர் தன் சம்பளச் சிட்டைகளோடு அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரே போக வேண்டும். வருபவருக்காக அரசாங்கம் ஏதும் செலவழிக்க நேர்ந்தால், வைத்தியச் செலவு, திருப்பி அனுப்பும் செலவு உட்பட, அவரிடமிருந்தே அறவிடலாம். எங்கள் குடும்பத்தில் ஜேர்மனியில் ஒருவரும் இல்லை.

அப்போது எங்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் இலண்டனுக்கு ஒரு கடிதம் போட்டார். இலண்டனிலிருந்த பழைய மாணவி ஒருவர் ஜேர்மனிக்கு ரெலிபோன் எடுத்தார். இரண்டு கிழமையில், ஹம் என்ற நகருக்கு அருகில் இருந்த ஓர் அக்கா, என் முகத்தைக்கூடக் கண்டிராதவர், தன் மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளைக் கொண்டுபோய்க் கையெழுத்திட்டுவிட்டார். அவர் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். நன்றி சொல்ல ரெலிபோன் எடுத்தபோது, "எந்த ஆண்டு ஓ.எல். எடுத்தனீ? உயிரியல் ஆர் படிப்பிச்சவை?" என்று இரண்டே கேள்விதான் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பெயர் அவருக்கும் படிப்பித்த ஆசிரியரின் பெயர். "அப்ப காணும் பிள்ளை" என்றார்.

யூலை முதற் கிழமையில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அவர் நின்றார். கையில் 5 கிலோ அரிசி, மிளகாய்த்தூள் ஒரு போத்தல், ஒரு சிறிய ரைஸ் குக்கர். எனக்கு அவர் செய்த முதல் உதவி கையெழுத்து, இரண்டாவது அந்த ரைஸ் குக்கர். எது பெரிது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

இனி அந்த நாட்களைச் சொல்கிறேன்.

விடுதி அறை எங்கள் பாடசாலை நூலகத்தின் பத்திரிகை வாசிக்கும் மூலையளவு. கட்டில், மேசை, யன்னல். ஆறு பேருக்கு ஒரு சமையலறை. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கொரு தட்டு. யார் எந்தக் கிழமை கூட்டித் துடைப்பது என்று கதவில் ஒரு அட்டவணை. குப்பைக்கு நான்கு வாளிகள்: கடதாசி வேறு, சாப்பாட்டு மிச்சம் வேறு, பொதி செய்த பிளாஸ்ரிக் வேறு, மற்றது வேறு. போத்தலை எறியக்கூடாது, கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சதம் தருவார்கள். வீட்டில் அம்மா நல்லெண்ணெய்ப் போத்தலைக் கழுவி வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. சனிக்கிழமை பாணும் பாலும் வாங்காதவர் ஞாயிறு பட்டினி. எனக்குச் சோறு இருந்தது. மூன்றாம் கிழமையிலிருந்து ஞாயிறு மத்தியானம் அந்தச் சமையலறையில் ஒரு போலந்துப் பெண்ணும் ஒரு கமரூன் மாணவரும் தட்டோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள். பருப்புக் கறிக்கு அத்தனை மவுசு நான் வேறெங்கும் கண்டதில்லை.

குளிரைப் பற்றிப் பயப்படும் தங்கச்சிமாருக்கு: பெரியம்மா பின்னித் தந்த கம்பளிச் சட்டையை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஜேர்மனியிலேயே வெப்பமான இடங்களில் ஹைடெல்பேர்க் ஒன்று. யூலையில் வியர்த்துக் கொட்டியது, அறையில் காற்றாடியும் இல்லை. "குளிரோ பிள்ளை?" என்று அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்பார். இல்லை அம்மா, அவியுது என்று சொல்வேன். அவர் நம்பவில்லை.

பொழுது படும் நேரம்தான் என்னைத் தடுமாறச் செய்தது. விளக்கு வைக்க முன்னம் வீட்டில் நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே யூலையில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணி. என் உடம்பு ஆறரைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லும், வெளியே பார்த்தால் பகல். ஆய்வுகூடத்திலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்டு, நெக்கார் ஆற்றங்கரையால் சைக்கிளில் வருவேன். சைக்கிள் ஓட எனக்கு ஒருவரும் பழக்க வேண்டியிருக்கவில்லை, வலப்பக்கமாக ஓடுவதைத் தவிர. யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் இதில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. இரவில் விளக்கில்லாமல் ஓடினால் பொலிஸ் மறிக்கும் என்று சொன்னார்கள், அது மட்டும் ஊர் ஞாபகத்தை வேறுவிதமாகக் கொண்டுவந்தது.

பேராசிரியரை எப்படிக் கூப்பிடுவது? அந்த ஆய்வுகூடத்தில் எல்லோரும் அவரை முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயது மனிதரை நான் எப்படிப் பெயர் சொல்லுவது? "சேர்" என்று சொன்னால் சிரித்தார்கள். கடைசியில் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல், அருகில் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகு கதைப்பது என்று வைத்துக்கொண்டேன். 12 கிழமையும் அப்படியே ஓடியது. தங்கச்சிமாரே, முதற் கடிதத்தில் பட்டத்தோடு எழுதுங்கள். அவர் தன் பதிலில் எந்தப் பெயரால் கையொப்பமிடுகிறாரோ, அதன் பிறகு அப்படிக் கூப்பிடலாம். வாய் வராவிட்டால் என்னைப் போல் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் பேராசிரியர் அல்ல. 27 வருடம் அங்கே வேலை செய்த ஒரு தொழினுட்ப உதவியாளர், ஐம்பது தாண்டிய பெண். மனதுக்குள் நான் அவரை அன்ரி என்றுதான் வைத்திருந்தேன். முதல் நான்கு நாளும் அவர் எனக்குத் தந்தது வெறும் தண்ணீர். குழாயியால் ஒரு மில்லிலீற்றர் எடுத்துத் தராசில் விட வேண்டும். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம். தராசு 0.98 காட்டினால் தலையை ஆட்டுவார், திரும்பவும். பிறகு 100 மைக்ரோலீற்றர், பிறகு 10. பத்துத் தடவை ஒரே எண் வரும்வரை மருந்து எதையும் தொட விடவில்லை. மூன்று வருடம் மருத்துவம் படித்தவளைத் தண்ணீர் அளக்க விடுகிறார்களே என்று முதல் நாள் முகம் தொங்கியது. நாலாம் நாள் அந்த எண்கள் ஒன்றாக வந்தபோது, உயர்தரப் பெறுபேறு வந்த நாளைப்போல ஒரு சந்தோசம்.

காலை எட்டரைக்கு வந்தால் முதல் வேலை கலங்களைப் பார்ப்பது. 37 பாகையில் வைத்த பெட்டிக்குள் தட்டையான போத்தல்கள், உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். கலங்கள் பெருகிச் சாப்பாடு முடிந்து கழிவு கூடினால் அந்த நிறம் மஞ்சளாகும். நுணுக்குக்காட்டியில் பார்த்து, திரவத்தை மாற்றி, நெருங்கிவிட்டால் பிரித்து வேறு போத்தலில் விட வேண்டும். நான் வளர்த்தவை ஹீலா கலங்கள். ஏறத்தாழ ஒரு நாளில் இரட்டிக்கும். அவற்றுக்கு ஞாயிறு, திருவிழா ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்தனீங்கள் என்ற கேள்விக்கு இதுவே பாதி மறுமொழி: மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போவதுபோல் ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

ஹீலா என்ற பெயர் ஹென்றியெற்றா லக்ஸ் என்ற பெயரின் முதலெழுத்துகள். அமெரிக்காவில் பல்ரிமோர் நகரில் 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண். வயது 31, ஐந்து பிள்ளைகளின் தாய். அவருக்குத் தெரியாமல், அவரிடம் கேளாமல் எடுத்த கலங்கள் இன்றுவரை உலகெங்கும் வளர்கின்றன. இதை எனக்கு அன்ரிதான் சொன்னார். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் போத்தலைக் கையில் கொடுக்க முன் சொல்லுவாராம். அதன் பிறகு அந்தப் போத்தலை நான் வேறுவிதமாகத்தான் தூக்கினேன்.

அந்தக் கலங்களுக்குள் மனித பப்பிலோமா வைரசின் 18ஆம் வகை இருக்கிறது. எங்கள் ஆய்வுகூடத்துக்கு நடை தூரத்தில் இருந்த ஜேர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை 1983 முதல் 2003 வரை தலைமை தாங்கி நடத்தியவர் ஹரால்ட் சூர் ஹவுசன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று, மற்றவர்கள் வேறு வைரசைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், விடாப்பிடியாக நின்று காட்டியவர். 2008இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது நான் உள்ளகப் பயிற்சி வைத்தியர், இரவுக் கடமை முடிந்து பத்திரிகையில் பார்த்தேன். 2017இல் இந்த வைரசுக்கான தடுப்பூசி எங்கள் நாட்டுத் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. இந்தப் பாடசாலையின் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கிறது. இங்கே இருக்கும் தாய்மார் ஒருவராவது அந்தச் சம்மதப் படிவத்தை இன்னும் கைப்பையில் வைத்துக்கொண்டு யோசித்தால், தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள்.

என் வேலை என்ன? எங்கள் கலங்களில் பி53 என்று ஒரு புரதம் காவலாளிபோல் இருக்கிறது. கலம் பழுதுபட்டால் பெருகவிடாமல் மறிக்கும். இந்த வைரசின் ஒரு புரதம் அந்தக் காவலாளியைச் சிதைக்கச் செய்துவிடுகிறது. ஒரு மருந்தைக் கொடுத்தால் காவலாளி திரும்ப வருவாரா என்று பார்ப்பது என் பங்கு. அதற்கு இரண்டு நாள் எடுக்கும். முதல் நாள் புரதங்களைப் பருமன்படி பிரித்து ஒரு மெல்லிய தாளுக்கு மாற்ற வேண்டும். அந்தத் தாள் கண்ட புரதத்தையெல்லாம் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே, பிறபொருளெதிரியைச் சேர்க்க முன் வெற்றிடங்களை நிரப்ப அதைப் பால்மாக் கரைசலில் ஊற வைப்பார்கள். ஆம், கடையில் விற்கும் ஆடை நீக்கிய பால்மா. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் பால்மாப் பேணியை அங்கே புரதம் ஊற வைக்கத் திறந்தபோது, அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். இரவு முழுக்கக் குளிர் அறையில் வைத்து, அடுத்த நாள் கழுவி, இருட்டறையில் படத்தாளில் பதிய வேண்டும். சிவப்பு விளக்கின் கீழ் நின்று, அந்தத் தாளில் கோடு எழுமா என்று பார்க்கும் நிமிடங்களுக்காகத்தான் அவ்வளவும்.

எட்டுக் கிழமை கோடு எழவில்லை. ஒன்பதாம் கிழமை எழுந்தது, பென்சில் கோட்டை அழித்த தடம்போல. திரும்பச் செய்தேன், இல்லை. மூன்றாம் முறையும் இல்லை. கடைசித் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் அதை எல்லோருக்கும் காட்ட வேண்டியிருந்தது. பரீட்சைக்கு விடை தெரியாமல் எழும்பி நிற்கும் பிள்ளைபோல் நின்றேன். பேராசிரியர் மூன்று படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். மருந்தின் அளவு காணாது என்று நினைக்கிறேன் என்றேன். "இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் பன்னிரண்டு பேர் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தேநீரை எடுத்துக் குடித்ததை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலை எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. ஒரு பக்கச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் இன்று நோயாளிக்கு முன்னால் "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று என்னால் சொல்ல முடிகிறதென்றால், அது அந்தக் கூட்டத்தில் பழகியது.

பழைய நகரில் றொபேர்ட் பன்சனின் சிலை ஒன்று உண்டு. எங்கள் ஆய்வுகூடத்துப் பன்சன் சுடரடுப்பின் அதே பன்சன். ஹைடெல்பேர்க்கில் 1852இலிருந்து பேராசிரியராக இருந்தவர். சிலைக்கு முன் நின்று ஒரு படம் எடுத்து எங்கள் இரசாயனவியல் ரீச்சருக்கு அனுப்பினேன். அதே பல்கலைக்கழகத்துக்கு 1869இல் கணிதம் படிக்க வந்த ருஷ்யப் பெண் சோபியா கொவலெவ்ஸ்கயாவை மாணவியாகப் பதிய மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டுத்தான் வகுப்பில் இருந்தார். பெண்களை முறைப்படி மாணவிகளாகச் சேர்த்தது 1900இல். எங்கள் பாடசாலை தொடங்கிய காலத்தை இதோடு வைத்துப் பாருங்கள், நாங்கள் அப்படியொன்றும் பிந்திவிடவில்லை.

நான் போன முதற் கிழமையே விடுதிப் பிள்ளைகள் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மலைச்சரிவில் ஒரு பெரிய இடிந்த கோட்டை இருக்கிறது. 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படைகள் எரித்தும் வெடிவைத்தும் அழித்தது. வருடத்தில் மூன்று சனிக்கிழமைகளில் அந்தக் கோட்டைக்குள் சிவப்பு ஒளியும் புகையும் எழுப்பி, அது திரும்ப எரிவதுபோல் காட்டுவார்கள். பிறகு பாலத்திலிருந்து வாணவேடிக்கை. ஆயிரக்கணக்கான சனம் புல்லில் பாய் விரித்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துப் பார்க்கும். முதல் வெடிச்சத்தத்துக்கு நான் நிலத்தில் குந்திவிட்டேன். போலந்துப் பெண் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் தானும் குந்தினாள். 1981இல் எரிந்த எங்கள் நூலகம் நினைவுக்கு வந்தது, 95இல் நாங்கள் புத்தகப் பையோடு சாவகச்சேரிப் பக்கம் நடந்ததும் வந்தது. முந்நூறு வருடம் போனால் எரிந்த இடத்தைப் பாயில் இருந்து பார்க்கலாம்போலும் என்று நினைத்தேன். நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

தனிமை இருந்தது. மறைக்கவில்லை. 5 யூரோ அட்டை ஒன்று வாங்கினால் ஊருக்குச் சிலநேரம் முப்பது நிமிடம் கதைக்கலாம், சிலநேரம் பத்து நிமிடத்தில் அறுந்துவிடும். ஓகஸ்ட் 12ஆம் திகதி கொழும்பில் வெளிநாட்டமைச்சர் சுடப்பட்டார், அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் முழுக்க வீட்டுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அங்கே ஒருவருக்கும் அது செய்தியில்லை. முந்திய இரவு ஊறவைத்த தாள் குளிர் அறையில் இருந்தது, அதைக் கழுவ வேண்டும். கழுவினேன், இருட்டறையில் நின்று அழுதேன். இருட்டறை அதற்கு வசதி. அழுதனீங்களோ என்று கேட்ட தங்கச்சிக்கு இதுதான் மறுமொழி. அன்று மாலை அக்கா ரெலிபோன் எடுத்தார். "இஞ்ச வா, ரெண்டு நாள் நில்" என்றார்.

வார இறுதிக்கென்று மலிவான பயணச்சீட்டு ஒன்று அப்போது இருந்தது. விரைவுப் புகையிரதத்தில் ஏற முடியாது, நின்று நின்று போகும் வண்டிகளில் மாறி மாறிப் போகலாம். யாழ்தேவி 1990இல் நின்றபோது எனக்கு ஒன்பது வயது, அதற்குப் பிறகு ஊரில் நான் புகையிரதம் கண்டதில்லை. அந்த ஆறேழு மணி நேரமும் யன்னலோரம்தான். போகும் வழியில் மன்ஹைம் நகரில் இறங்கினால் தமிழ்க் கடை ஒன்று. அந்த நகரின் நடுப்பகுதியில் தெருக்களுக்குப் பெயரில்லை. கட்டடத் தொகுதிகளுக்கு எழுத்தும் இலக்கமும்தான், எங்கள் வைத்தியசாலை வார்ட்டுகளைப்போல. கடை கண்டுபிடிக்க வைத்திய மாணவிக்குக் கஷ்டமிருக்கவில்லை.

அக்காவோடு ஞாயிறு காலை ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். 2002இல் குடமுழுக்குக் கண்ட கோயில். தொழிற்பேட்டையின் நடுவில், களஞ்சியங்களுக்குப் பக்கத்தில் கோபுரம் நிற்கும். தீர்த்தம் அங்கே ஒரு கப்பல் கால்வாயில். கோயில் வீதியில் இருந்துதான் அக்கா தன் கதையைச் சொன்னார். 1985இல், உயர்தரம் ஒருமுறை எடுத்துப் பெறுபேறு வர முன்னமே, கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். உயிரியல் பிரிவு. வந்த பின் அகதி முகாமில் வருடக்கணக்கு. வேலை செய்யத் தடை. அனுமதி இல்லாமல் தன் மாவட்ட எல்லையைத் தாண்டவும் தடை. "பக்கத்து ஊரிலை எங்கட பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு இருந்தது. இருபது கிலோமீற்றர். போய்ப் பாக்கேலாது. நீ என்னடா எண்டால் வந்த நாளிலையிருந்து ஊர் சுத்துறாய்" என்று சிரித்தார். பெறுபேற்றைத் தகப்பன் கடிதத்தில் எழுதினாராம், நான்கு பாடமும் நல்ல சித்தி. பல்கலைக்கழக அனுமதியும் வந்ததாம். அந்தக் கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை அக்கா என்னிடம் வந்தார். கோட்டையைக் காட்டவா என்றால், "கோட்டை கிடக்கட்டும், நீ வேலை செய்யிற இடத்தைக் காட்டு" என்றார். பேராசிரியரிடம் முன்னமே கேட்டுவைத்திருந்தேன். கொழுவியிலிருந்த வெள்ளை மேலங்கி ஒன்றைக் கொடுத்தேன். அக்கா எல்லாப் பொத்தானையும் கழுத்துவரை பூட்டினார். நுணுக்குக்காட்டியில் கண் வைத்தவர் எடுக்கவே இல்லை. "இது இப்ப உயிரோடையோ இருக்கு?" என்றார். ஓம் அக்கா என்றேன். கொஞ்ச நேரத்தால், "அந்தா ரெண்டாப் பிரியுது. இழையுருப்பிரிவு" என்றார். இருபது வருடத்துக்கு முன் படித்த சொல். ஜேர்மன் மொழியில் அவருக்கு அதன் பெயர் தெரியாது.

அடுத்த வருடம் ஓகஸ்டில் ஏ9 பூட்டப்பட்டது. நான் படித்து முடித்ததெல்லாம் அந்தப் பூட்டுக்குள். அக்கா சில வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றுவிட்டார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கட்டளை.

காசு கேள்வி மிச்சம் இருக்கிறது. மாதம் 400 யூரோ தந்தார்கள், அறைக்கு 180 போகும். மத்தியானம் மாணவர் உணவகம், இரவு ரைஸ் குக்கர். கடைசியில் மிச்சம் பிடித்ததில் வாங்கிய ஸ்ரெதஸ்கோப் இன்றும் என் கழுத்தில். இன்று விலைகள் வேறு, ஆனால் கணக்கு அதேதான்: ஆய்வுகூடம் தருவது உயிர் வாழக் காணும், விமானச் சீட்டுக்கும் வீசாவுக்கும் காணாது.

கடந்த சில வருடங்களில் எங்கள் பிள்ளைகள் நால்வருக்கு விண்ணப்பம் எழுத உதவினேன். நால்வருக்கும் இடம் கிடைத்தது. இருவர்தான் போனார்கள். ஒருவரின் வீசாவுக்குப் பொறுப்பேற்க ஆள் கிடைக்கவில்லை. மற்றவரின் வீட்டில், "பொம்பிளைப்பிள்ளையைத் தெரியாத ஊருக்குத் தனிய அனுப்பேலாது" என்றார்கள். அந்தத் தகப்பனோடு நான் ஒரு மணி நேரம் கதைத்தேன். அவர் முரட்டு மனிதர் அல்ல. "அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தர் எண்டாலும் இருக்கினமோ டொக்டர்?" என்று மூன்று தரம் கேட்டார். அந்த நகரத்தில் எங்கள் பழைய மாணவிகள் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே இந்த மலரை ரொறன்ரோவில், சிட்னியில், ஒஸ்லோவில், இலண்டனில் இருந்து வாசிக்கும் அக்காமாரிடமும் தங்கச்சிமாரிடமும், இன்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களிடமும் ஒரு சிறு வேலை கேட்கிறேன். நன்கொடை கேட்கவில்லை, அதற்கு வேறொருவர் பிறகு வருவார். சங்கம் ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறது. நகரத்தின் பெயர், உங்கள் பெயர், தொடர்பு எண், உங்கள் வீட்டுக்குக் கிட்டிய புகையிரத நிலையம். பொறுப்புக் கையெழுத்திட முடியுமானால் அதற்கு ஒரு நிரல், முடியாவிட்டால் ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிட முடியுமா என்று ஒரு நிரல், விமான நிலையத்துக்குப் போக முடியுமா என்று இன்னொன்று. டொக்டர், பொறியியலாளர் என்று தொழில் கேட்கும் நிரல் அதில் இல்லை. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

வெளிநாட்டில் உள்ளவர்கள் செயலாளருக்கு எழுதினால் போதும். இங்கே இருப்பவர்களுக்கு, பதிவேடு தேநீர் மேசையில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனை கட்டியிருக்கிறோம். எனக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பிய தங்கச்சிக்கு இன்னும் அங்கே ஒருவரும் இல்லை, அவர் போவது எடின்பரோவுக்கு, யூன் மாதம்.